பாறைச்சிப்பி தந்த பசை

உரைநடை: அறிவியல் தமிழ்

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்திகளைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல்.
• இயற்கையை உற்றுநோக்கிப் புதியன படைக்கும் முறையை அறிதல்.
• துறைசார் கலைச்சொற்களைத் தொடர்களில் அமைத்து எழுதுதல்.
• வினைத்தொகையை இனங்கண்டு விரித்து எழுதுதல்.

நுழையும்முன்

மழை பெய்த மறுநாள், சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்புத்தாள் பாதி உரிந்து தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். விரல் காயத்தின்மேல் ஒட்டிய பட்டை, கை கழுவியதும் நழுவி விழுவதையும் அறிவீர்கள். பசை என்றால் ஈரம் படக்கூடாது என்பதே நம் அனுபவம். ஆனால், பிறந்தது முதல் நீரிலேயே வாழ்ந்து, நீருக்குள்ளேயே பசை சுரந்து, பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும் உயிர் ஒன்று உண்டு. அவ்வுயிரிடம் மனிதன் கற்ற பாடத்தைப் பற்றியதே இப்பாடம்.

நீரும் பசையும்

ஒட்டுவதற்கு மனிதன் நெடுங்காலமாகவே இயற்கையை நாடியிருக்கிறான். வேம்பும் கருவேலமும் பிசின் தந்தன. விலங்கின் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைக் கொண்டு தச்சர்கள் மரத்தை மரத்தோடு இணைத்தனர். மாவைக் காய்ச்சிய பசை, தாளை ஒட்ட உதவியது. இவை அனைத்திற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. உலர்ந்த இடத்தில் உறுதியாக நிற்கும் இப்பசைகள், நீர் பட்டதும் இளகிவிடும்.

இதற்குக் காரணம் என்ன? பசை ஒன்று ஒட்டவேண்டுமானால், அதன் மூலக்கூறுகள் பொருளின் மேற்பரப்பை மிக நெருங்கித் தொடவேண்டும். ஈரமான பரப்பிலோ நீர் மூலக்கூறுகள் முன்னரே இடம்பிடித்து அமர்ந்திருக்கின்றன. பசை வந்து சேரும்போது அதற்கு இடமில்லை. அது பொருளை ஒட்டாமல், பொருளின் மேலுள்ள நீரின்மீது மிதந்து நிற்கிறது. நீர் அசைந்தால் பசையும் அகன்றுவிடும். எனவே, ஈரத்தில் ஒட்டும் பசைக்கு முதல் வேலை ஒட்டுவதன்று. நீரை விலக்குவதே முதல் வேலை.

பாறையைப் பற்றிய பிடி

அலைகடலின் ஓரத்தில் பாறைகளை மூடியபடி கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் சிப்பிகளை இப்பாடத்தில் பாறைச்சிப்பி என்று குறிப்போம். இந்தியக் கடற்கரையில் பச்சை ஓடுடையதும் பழுப்பு ஓடுடையதுமாக இரு வகைகள் வாழ்கின்றன. கேரளத்தில் இதனைக் கல்லுமக்காய் என்பர். அங்கும் குமரி மாவட்டத்துக் கடலோரங்களிலும் இது விரும்பி உண்ணப்படும் உணவாகும்.

பாறைச்சிப்பியின் ஓட்டுக்குள்ளிருந்து நாக்குப் போன்ற தசைக்கால் ஒன்று வெளியே நீளும். அக்கால் பாறையைத் தடவிப் பார்த்து, தக்க இடத்தில் தன் நுனியை அழுத்தும். நுனியில் உள்ள சிறு குழிவுக்குள் புரதம் கலந்த நீர்மம் சுரக்கும். காலின் நீளவாட்டில் அமைந்த பள்ளத்தில் நூல் ஒன்று உருவாகும். சில நிமிடங்களில் அந்நீர்மம் இறுகிவிடும். பின்னர்ச் சிப்பி காலை எடுத்துக்கொள்ளும். பாறைக்கும் சிப்பிக்கும் இடையே மெல்லிய நூல் ஒன்று நிலைத்திருக்கும். நூலின் முனையில் சிறு வட்டு ஒன்று பாறையோடு ஒட்டிக் கிடக்கும். இந்நூலைப் பிடிநூல் எனலாம். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிடிநூல்களை விடுத்து, கூடாரத்தைக் கயிறுகளால் கட்டுவதுபோலச் சிப்பி தன்னைப் பாறையோடு கட்டிக்கொள்கிறது. வேண்டும்போது பழைய நூல்களை விட்டுவிட்டு வேறிடம் நகரவும் அதனால் இயலும்.

இவ்வியல்பை நம் நாட்டு மீனவர்களும் பயன்படுத்துகின்றனர். கேரளத்தில் சிப்பி வளர்ப்போர், சிறு சிப்பிகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து மெல்லிய பருத்தித் துணியால் பொதிந்து நீரில் தொங்கவிடுவர். சில நாள்களில் துணி மட்கிப் போகும். அதற்குள் சிப்பிகள் பிடிநூல்களை விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும். துணி செய்யத் தொடங்கிய வேலையைச் சிப்பியே முடித்துவிடுகிறது.

கண்டறிந்த கமுக்கம்

இப்பசையில் இருப்பது என்ன? அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் வெயிட், மார்வின் டான்சர் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடை தந்தனர். நீலச்சிப்பியின் ஒட்டும் புரதத்தில் டோபா என்னும் அமினோ அமிலம் இருப்பதை அவர்கள் வெளியிட்டனர்.

நாம் உண்ணும் புரதத்தில் டைரோசின் என்னும் அமினோ அமிலம் உண்டு. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையமும், அதனோடு இணைந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் அதில் இருக்கும். சிப்பி அவ்வளையத்தில் இன்னுமொரு ஹைட்ராக்சில் தொகுதியை, முதல் தொகுதிக்கு அடுத்த இடத்திலேயே சேர்க்கிறது. அப்போது டைரோசின் டோபாவாக மாறுகிறது. அடுத்தடுத்து இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட இவ்வளையத்தைக் கேட்டிகால் என்று வேதியியலார் அழைப்பர்.

ஒரு கையால் கம்பியைப் பற்றுவதற்கும் இரு கைகளால் பற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். கேட்டிகாலின் இரு கைகளும் அருகருகே நீண்டு, பாறையில் உள்ள உலோக அணுக்களையும் ஆக்சிஜன் அணுக்களையும் ஒருங்கே பற்றுகின்றன. ஒரு கை நழுவினாலும் மறு கை விடுவதில்லை. பாறையை நேரடியாகத் தொடும் புரதங்களில்தான் டோபா மிகுதியாக உள்ளது. ஒருவகைப் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் டோபாவாகவே அமைந்துள்ளன.

டோபா தனித்து வேலை செய்வதில்லை. அதன் அருகில் லைசின் என்னும் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலம் அமைந்திருக்கிறது. கடல்நீரில் உள்ள உப்பின் அயனிகள் நீரையும் சேர்த்துக்கொண்டு பாறையின் மேற்பரப்பில் படிந்திருக்கும். லைசின் அவ்வயனிகளை விலக்கி இடத்தைத் தூய்மையாக்க, அவ்விடத்தில் டோபா வந்து பற்றுகிறது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழக அறிஞர்கள் 2015இல் இவ்வுண்மையை விளக்கினர். ஒன்று வழி திறக்க, மற்றொன்று உள்ளே நுழைகிறது.

ஒட்டுதலும் இறுகுதலும்

சுவரிலிருந்து அறிவிப்புத்தாள் ஒன்றை உரித்துப் பாருங்கள். சுவர் தூய்மையாக இருந்து, பசை முழுவதும் தாளோடு வந்துவிட்டால், பசை சுவரைச் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். சுவரிலும் பசை, தாளிலும் பசை என இரண்டிலும் படிந்திருந்தால், பசை இரண்டையும் நன்றாகவே பற்றியிருக்கிறது; ஆனால், பசையே நடுவில் பிளந்துவிட்டது என்று பொருள். பசை வேறொரு பொருளைப் பற்றும் ஆற்றல் வேற்றினக் கவர்ச்சி எனப்படும். பசை தன்னைத் தானே பிணைத்து நிற்கும் ஆற்றல் ஓரினக் கவர்ச்சி எனப்படும். நல்ல பசைக்கு இவ்விரண்டும் வேண்டும்.

சிப்பியின் பசையில் இவ்விரு வேலைகளையும் டோபாவே செய்கிறது என்பது வியப்புக்குரியது. இயல்பான நிலையில் டோபா பாறையைப் பற்றும். ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அது குயினோன் என்னும் வடிவம் பெறும். குயினோனோ பாறையைப் பற்றுவதில் தளர்ந்து, பக்கத்துப் புரதங்களோடு பிணைந்து பசையை இறுகச் செய்யும். இறுகுதல் விரைவாக நிகழ்ந்தால் ஒட்டுதல் கெடும். இறுகுதலே நிகழாவிட்டால் பசை கரைந்துபோகும். கடல்நீர் காரத்தன்மை உடையது. அது டோபாவை விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையச் செய்யும். அதனால், சிப்பி தன் காலின் குழிவுக்குள் அமிலத்தன்மையைப் பேணுகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் புரதம் ஒன்றையும் உடன் சுரக்கிறது. பாறையைப் பற்றும் வரை டோபாவைக் காத்து, பற்றியபின் கடல்நீரில் இறுக விடுகிறது. நூலின் மேலுறையில் கடல்நீரிலிருந்து பெற்ற இரும்பு அணுக்களும் டோபாவோடு இணைந்து, அவ்வுறையை உறுதியும் நெகிழ்வும் உடையதாக்குகின்றன.

பத்தாயிரம் சிப்பிகளும் ஒரு கிராமும்

இத்தகைய பசை கிடைத்தால் எத்தனையோ பயன்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. அப்படியானால் சிப்பிகளைப் பிடித்துப் பசையை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால், ஒரு கிராம் ஒட்டும் புரதத்தைப் பெற ஏறத்தாழ 10,000 சிப்பிகள் வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். ஒரு கிலோகிராம் பசைக்கு ஒரு கோடிச் சிப்பிகளை அழிக்க நேரும். கடலின் செல்வத்தை அழித்துப் பெறும் பசையால் பயன் யாது?

எனவே, அறிஞர்கள் வேறு வழி கண்டனர். சிப்பியின் பசையை எடுப்பதை விடுத்து, அப்பசை செயற்படும் கருத்தை எடுத்துக்கொண்டனர். அக்கருத்தைத் தம்மிடம் எளிதில் கிடைக்கும் பொருள்களில் ஏற்றிப் பார்த்தனர்.

சோயாவில் விளைந்த பசை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர வேதியியல் துறையில் பணியாற்றியவர் கைசாங் லீ. பசிபிக் பெருங்கடலின் கரைக்குச் சென்றிருந்தபோது, பேரலைகள் மோதியும் பாறையை விடாத சிப்பிகள் அவர் சிந்தனையைத் தூண்டின. சிப்பியின் புரதம் அரியது. ஆனால், வயலில் விளையும் சோயாவின் புரதம் மலிவானது. சிப்பிப் புரதத்தின் இயல்பைச் சோயாப் புரதத்துக்கு ஊட்ட முடியுமா என்று அவர் ஆராய்ந்தார். சோயா மாவோடு, காகிதத் தொழிலில் பயன்பட்டுவந்த பிசின் ஒன்றைச் சேர்த்து, ஈரத்தைத் தாங்கும் மரப்பசையை உருவாக்கினார்.

இப்பசையின் அருமையை உணர ஒட்டுப்பலகையைப் பற்றி அறியவேண்டும். மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஏட்டின்மேல் ஏடாகப் பசை தடவி, வெப்பத்தில் அழுத்திச் செய்வது ஒட்டுப்பலகை. ஹரியானாவின் யமுனாநகரும் கேரளத்தின் பெரும்பாவூரும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. நம் வீட்டு அலமாரி, கட்டில், வகுப்பறை மேசை எனப் பலவற்றில் ஒட்டுப்பலகை உண்டு. இதில் பெரிதும் பயன்படும் பசை, யூரியாவையும் பார்மால்டிகைடையும் சேர்த்துச் செய்யப்படுவது. அப்பசையிலிருந்து பார்மால்டிகைடு ஆவி சிறிது சிறிதாக வெளியேறும். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆலையில் பசை தடவும் தொழிலாளியும், புதிய அலமாரி வைத்த அறையில் உறங்கும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர்.

கைசாங் லீயின் சோயாப் பசையில் பார்மால்டிகைடு சேர்க்கப்படவில்லை. கொலம்பியா பாரஸ்ட் புராடக்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அப்பசையைத் தன் ஒட்டுப்பலகை ஆலைகளில் பயன்படுத்தத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 70 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட பழைய வகைப் பசைக்கு மாற்றாக அது அமைந்தது. 2007ஆம் ஆண்டில் அவருக்கும், அவரோடு இணைந்து செயற்பட்ட நிறுவனங்களுக்கும் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது வழங்கப்பட்டது. கடற்பாறையில் கண்ட காட்சி ஒன்று ஆலைத் தொழிலாளரின் மூச்சுக்குக் காவலாயிற்று.

ஆய்வகத்தில் பிறந்தவை

வேறு சிலர் கேட்டிகாலையே நேரடியாகக் கையாண்டனர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித், ஹேஷின் லீ முதலியோர் 2007ஆம் ஆண்டில் எளிய முறை ஒன்றை வெளியிட்டனர். டோபாவுக்கு நெருங்கிய உறவுடைய டோபமைன் என்னும் பொருளை, கடல்நீரைப் போன்ற காரத்தன்மை உடைய நீரில் கரைத்து, அதில் ஒரு பொருளை மூழ்க வைத்தனர். ஒரு நாளில் அப்பொருளின்மேல் 50 நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய படலம் படிந்தது. உலோகம், கண்ணாடி, நெகிழி எனப் பல பொருள்களில் அது படிந்தது. மாவு ஒட்டாதிருக்கத் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெப்லான் மீதும் அது படிந்தது. எதுவும் ஒட்டாத பரப்பிலும் ஒட்டவல்ல இப்படலம், மேலும் பல பூச்சுகளைப் பிடித்து நிறுத்தும் அடித்தளமாகப் பயன்படுகிறது.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜோனதன் வில்கர் மற்றொரு வழியில் சென்றார். புரதம் நெடிய சங்கிலி போன்றது. அச்சங்கிலியில் ஆங்காங்கே டோபா கோக்கப்பட்டிருக்கிறது. சங்கிலி புரதமாகத்தான் இருக்கவேண்டுமா என்று அவர் வினவினார். புரதத்துக்கு மாற்றாகப் பாலிஸ்டைரீன் என்னும் எளிய நெகிழிச் சங்கிலியை எடுத்து, அதனிடையே கேட்டிகாலைக் கோத்தார். அவரும் அவர் மாணவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நீருக்கடியில் இப்பசை சிப்பியின் இயற்கைப் பசையைவிட 17 மடங்கு வலிமையோடு ஒட்டியது கண்டறியப்பட்டது. மாணவன் ஆசிரியரை விஞ்சிய தருணம் அது.

ஆயினும், வலிமை ஒன்றே நல்ல பசைக்கு இலக்கணம் ஆகாது. பாலிஸ்டைரீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. எனவே, வில்கரின் குழுவினர் மேலும் முயன்றனர். சோயா எண்ணெயிலிருந்து பெற்ற பொருள், ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம், மரப்பட்டைகளில் காணப்படும் டானிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கிய பசையை 2023இல் வெளியிட்டனர். பசைக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் விளைபொருள்களிலிருந்தே கிடைக்கும் காலம் நெருங்கி வருகிறது.

மருத்துவத்தின் எதிர்பார்ப்பு

நம் உடலின் உட்புறமும் கடலைப் போன்றதே. குருதியும் உப்புநீரும் எங்கும் நிறைந்துள்ளன. அறுவை மருத்துவர் உள்ளுறுப்பு ஒன்றைக் கீறினால், அதனை ஊசியும் நூலும் கொண்டே தைக்கிறார். தைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஊசி புதியதொரு துளையை இடுகிறது. நுரையீரல் போன்ற மென்மையான உறுப்பிலும், தாயின் கருவறையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய படலத்திலும் தைப்பது எளிதன்று. ஈரத்தில் ஒட்டி, உடலுக்குத் தீங்கு செய்யாமல், புண் ஆறியதும் கரைந்துபோகும் பசை கிடைத்தால் பல உயிர்கள் காக்கப்படும்.

இதற்காகச் சிப்பியின் வழியைப் பின்பற்றிய மருத்துவப் பசைகள் பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகின்றன. தென்கொரியாவின் போகாங் நகர அறிஞர்கள், சிப்பியின் புரதத்தைப் பாக்டீரியாக்களின் உடலில் உருவாக்கும் வழியைக் கண்டனர். இதனால் சிப்பிகளை அழிக்காமலே சிப்பிப் புரதத்தைப் பெற முடிகிறது. எனினும், மருந்துக்கடையில் வாங்கும் பொருளாக அவை ஆவதற்கு முன் நெடிய சோதனைகள் தேவை. உடலுக்குள் வைக்கும் பசை எவ்வளவு நாள் இருக்கும், கரைந்தபின் என்னவாகும், உடல் அதனை ஏற்குமா என்னும் வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான விடை வேண்டும். இங்கே அவசரம் கூடாது. பாறையைத் தடவிப் பார்த்த பின்னரே சிப்பி தன் நூலை விடுகிறது அன்றோ?

கற்றுக்கொள்ளும் முறை

பாறையில் ஒட்டிய சிப்பியைக் கடலோரத்தில் வாழ்வோர் அனைவரும் பார்த்திருக்கின்றனர். பார்த்தவர் பலர், ‘இது எப்படி ஒட்டுகிறது?’ என்று கேட்டவர் சிலரே. கேட்டவர்களும் சிப்பியை அப்படியே நகல் எடுக்கவில்லை. ஒருவர் சோயாவைக் கொண்டார். ஒருவர் நெகிழியைக் கொண்டார். அவரே பின்னர் மரப்பட்டைப் பொருளையும் கொண்டார். சிப்பியிடமிருந்து அவர்கள் பெற்றது பொருளன்று, கருத்து. பொருளை எடுத்தால் அது குறையும். கருத்தை எடுத்தால் அது குறைவதில்லை. கடலில் சிப்பியும் வாழ்கிறது. கரையில் மனிதனும் வாழ்கிறான்.

உங்கள் பள்ளி மலையடிவாரத்தில் இருக்கலாம், பாலைநிலத்தில் இருக்கலாம், கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அப்பாலும் இருக்கலாம். அங்கும் இலையில் உருளும் நீர்த்துளியும், சுவரில் ஏறும் பல்லியும், வலை பின்னும் சிலந்தியும் உண்டு. அவற்றில் ஒன்று உங்கள் வினாவுக்காகக் காத்திருக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

கேட்டிகால் என்னும் பெயர் ‘கட்டேச்சு’ என்னும் பொருளின் பெயரிலிருந்து வந்தது. அது வேறொன்றுமன்று, வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டியே ஆகும். கருங்காலி வகை மரத்தின் கட்டையைக் கொதிக்கவைத்து அதனைப் பெறுவர். காசுக்கட்டியிலும் கடுக்காயிலும் நாம் உணரும் துவர்ப்புக்குக் காரணம் டானின் வகைப் பொருள்கள். அடுத்தடுத்து அமைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் அவற்றிலும் உண்டு. நடுக்குவாத நோயாளிகளுக்கு மருந்தாகத் தரும் லெவோடோபாவும், சிப்பியின் பசையில் உள்ள டோபாவும் ஒரே மூலக்கூறே.

சொல்லும் பொருளும்

கமுக்கம் – இரகசியம்
வச்சிரம் – விலங்குத் தோல் முதலியவற்றைக் காய்ச்சிச் செய்யும் பசை
மட்கி – மக்கிப் போய்
விஞ்சிய – மிஞ்சிய, மேம்பட்ட
ஏடு – மெல்லிய தகடு
குருதி – இரத்தம்
முகமை – ஒரு பணிக்கென அமைந்த நிறுவனம்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஈரத்தில் ஒட்டும் பசை முதலில் செய்யவேண்டிய வேலை ______.
அ) இறுகுதல்  ஆ) நீரை விலக்குதல்  இ) கரைதல்  ஈ) நூலாதல்

2. டைரோசினில் மேலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்தால் கிடைப்பது ______.
அ) லைசின்  ஆ) குயினோன்  இ) டோபா  ஈ) டானின்

3. பசை தன்னைத் தானே பிணைத்து நிற்கும் ஆற்றல் ______ எனப்படும்.
அ) ஓரினக் கவர்ச்சி  ஆ) வேற்றினக் கவர்ச்சி  இ) ஆக்சிஜனேற்றம்  ஈ) காரத்தன்மை

4. கைசாங் லீ பசை செய்யத் தேர்ந்துகொண்ட விளைபொருள் ______.
அ) கோதுமை  ஆ) சோளம்  இ) சோயா  ஈ) பருத்தி

ஆ) பொருத்துக.

1. ஹெர்பர்ட் வெயிட் – பாலிஸ்டைரீன் சங்கிலியில் கேட்டிகால்
2. பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் – பார்மால்டிகைடு சேர்க்காத மரப்பசை
3. கைசாங் லீ – சிப்பிப் புரதத்தில் டோபா
4. ஜோனதன் வில்கர் – டோபமைன் படலம்

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஈரமான பரப்பில் பசை ஒட்டாததற்குக் காரணம் என்ன?
2. சிப்பி வளர்ப்பில் பருத்தித் துணி மட்கினாலும் சிப்பிகள் விழுவதில்லை. ஏன்?
3. சிப்பியின் பசையில் லைசின் செய்யும் பணி யாது?
4. பார்மால்டிகைடு சேர்ந்த பசையால் யாருக்கெல்லாம் தீங்கு நேரலாம்?

ஈ) ஐந்து அல்லது ஆறு தொடர்களில் விடை எழுதுக.

1. பாறைச்சிப்பி பிடிநூலை உருவாக்கும் முறையை விளக்குக.
2. டோபா ஒட்டுதல், இறுகுதல் ஆகிய இரு வேலைகளையும் எவ்வாறு செய்கிறது?
3. அறுவை மருத்துவத்தில் நீரிலும் ஒட்டும் பசையின் தேவையை எடுத்துரைக்க.

உ) ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

‘பொருளை எடுத்தால் அது குறையும், கருத்தை எடுத்தால் அது குறைவதில்லை.’ பாடக் கருத்துகளைக் கொண்டு இத்தொடரை நிறுவுக.

சிந்தனை வினா

மிக வலிமையான பசையால் ஒட்டிய பொருளைப் பழுதுபார்க்கவோ, பிரித்து மறுசுழற்சி செய்யவோ இயலுமா? வேண்டும்போது ஒட்டவும் வேண்டாதபோது விடவும் கூடிய பசையால் விளையும் நன்மைகளைக் கலந்துரையாடுக.

கற்பவை கற்றபின்

ஒரே அளவுள்ள தாள் துண்டுகள் நான்கை எடுத்துக்கொள்க. மாவுப் பசையைக் கொண்டு இரண்டினை உலர்ந்த ஓட்டுத்துண்டின் மேலும், இரண்டினை நீரில் நனைத்த ஓட்டுத்துண்டின் மேலும் ஒட்டுக. மறுநாள் உரித்துப் பார்த்து, பசை எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்க. தோற்றது வேற்றினக் கவர்ச்சியா, ஓரினக் கவர்ச்சியா என்பதைக் காரணத்துடன் வகுப்பில் கூறுக.

மொழித்திறன்: வினைத்தொகை

‘பிடிநூல்’ என்னும் சொல்லைக் காண்க. பிடித்த நூல், பிடிக்கின்ற நூல், பிடிக்கும் நூல் என இச்சொல் முக்காலத்திற்கும் பொருந்தி விரிகிறது. ஆனால், காலங்காட்டும் உறுப்பு இதில் வெளிப்படையாக இல்லை. அது மறைந்து நிற்கிறது. இவ்வாறு வினைப்பகுதியை அடுத்துப் பெயர்ச்சொல் வந்து, காலம் கரந்து நிற்கும் தொகை வினைத்தொகை எனப்படும்.

எ.கா. அலைகடல் – அலைந்த கடல், அலைகின்ற கடல், அலையும் கடல்

1. கீழ்வரும் வினைத்தொகைகளை முக்காலத்திற்கும் விரித்து எழுதுக.
விளைபொருள், சுடுநீர், பாய்புலி, வளர்பிறை

2. பொருந்தாத சொல்லைக் கண்டறிந்து காரணம் கூறுக.
ஊறுகாய், குடிநீர், கடற்கரை, உண்கலம்

கலைச்சொல் அறிவோம்

மூலக்கூறு – அணுக்கள் இணைந்து அமைந்த மிகச் சிறு அலகு
அயனி – மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி
ஆக்சிஜனேற்றம் – ஆக்சிஜனோடு வினைபுரிதல், அல்லது எலக்ட்ரானை இழத்தல்
நெகிழி – பிளாஸ்டிக்
ஒட்டுப்பலகை – பிளைவுட்
நானோமீட்டர் – ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு